முந்திரி, துவரை, எரிவாயு: உலகச் சந்தை மொசாம்பிக்கை என்ன செய்தது?

1960களிலும் 70களின் தொடக்கத்திலும் உலக முந்திரி விளைச்சலில் முதலிடம் மொசாம்பிக்குக்குத்தான். நல்ல ஆண்டுகளில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கொட்டை சந்தைக்கு வந்தது. ஆப்பிரிக்காவிலேயே முதன்முதலாகப் பெரிய ஆலைகள் வைத்துக் கொட்டையை உடைத்துப் பருப்பாக ஏற்றுமதி செய்த நாடும் அதுவே. 2001 வாக்கில் அந்த ஆலைகளில் பெரும்பாலானவை பூட்டிக் கிடந்தன. விளைந்த கொஞ்சநஞ்சக் கொட்டையும் கோணிப்பையில் அப்படியே கப்பலேறி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டைக் கடந்து போனவை ஒரு விடுதலைப் போர், ஒரு சோஷலிசப் பரிசோதனை, ஓர் உள்நாட்டுப் போர், அப்புறம் உலக வங்கி வைத்த ஒரு நிபந்தனை.

உலகமயமாக்கல் ஏழை நாடுகளுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்கும்போதெல்லாம் பொருளாதார நிபுணர்கள் இந்த முந்திரிக் கதையை எடுத்துப் போட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். இரு தரப்பும் ஒரே கதையிலிருந்து எதிரெதிர் பாடங்களை எடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. என் பார்வையில், மொசாம்பிக் உலகச் சந்தையில் சேர்ந்ததா விலகியதா என்பதை வைத்து அந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. அது எப்போதும் சேர்ந்தே இருந்திருக்கிறது. சந்தையில் எதிரே எத்தனை பேர் வாங்க நின்றார்கள், விதியை எழுதியவர் யார், அதை மாற்றும் உரிமை யாரிடம் இருந்தது என்று பார்த்தால்தான் ஏதாவது புரிகிறது.

முதலில் நாட்டைப் பற்றிக் கொஞ்சம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் சுமார் 2,500 கிலோமீட்டர் நீளக் கடற்கரை. தலைநகர் மபூட்டோ தெற்கு மூலையில், தென்னாப்பிரிக்க எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்களில் பெரும்பாலோர் சிறு நிலத்தில் மானாவாரியாக மக்காச்சோளம், மரவள்ளி, நிலக்கடலை போட்டு வாழ்கிறவர்கள். ஆட்சி மொழி போர்த்துகீசியம். 1975 ஜூன் 25 அன்று விடுதலை.

விடுதலைக்கு முந்தைய வரலாற்றிலும் வெளிச்சந்தைதான் நிறைந்திருக்கிறது. வடக்கே மொசாம்பிக் தீவில் டையூவிலிருந்து வந்த குஜராத்தி வணிகர்கள் துணியைக் கொடுத்துத் தந்தம் வாங்கினார்கள். அடிமை வணிகம் நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் தெற்கு மாவட்டங்களின் இளைஞர்கள் ஆண்டாண்டாகத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கூலியில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டு போர்த்துகீசிய அரசின் வழியே கைமாறியது. விடுதலைக்குப் பின் சோஷலிச அரசும் கிட்டத்தட்ட அதையே செய்தது. 1979 முதல் கிழக்கு ஜெர்மனித் தொழிற்சாலைகளுக்கு ஆயிரக்கணக்கான மொசாம்பிக் தொழிலாளர்கள் போனார்கள். சம்பளத்தில் பிடித்த தொகை, நாட்டின் கடனுக்கு ஈடாகக் கழிந்தது. பெர்லின் சுவர் விழுந்ததும் திருப்பி அனுப்பப்பட்ட அவர்கள், வராத பணத்தைக் கேட்டு மபூட்டோ தெருக்களில் பல ஆண்டுகள் புதன்கிழமை தோறும் ஊர்வலம் போனார்கள். மனித உழைப்பை ஏற்றுமதி செய்து, வருமானத்தில் ஒரு பங்கை இடையில் நிற்பவர் எடுத்துக்கொள்வது அந்த நாட்டுக்குப் பழகிய ஏற்பாடு.

சரி, முந்திரிக்கு வருவோம்.

முந்திரி பிரேசில் மரம். போர்த்துகீசியர் அதைக் கோவாவுக்கும் கொண்டுவந்தார்கள், மொசாம்பிக்குக்கும் கொண்டுபோனார்கள். பண்ருட்டிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை: மரத்திலிருந்து பொறுக்கிய கொட்டைக்கும் கடையில் விற்கும் பருப்புக்கும் நடுவே நிறைய வேலை இருக்கிறது. வறுக்கவோ ஆவியில் வேகவைக்கவோ வேண்டும். ஓட்டை உடைக்க வேண்டும். ஓட்டிலுள்ள எண்ணெய் கையைப் பொசுக்கும். பிறகு உலர்த்தி, மேல்தோலை உரித்து, முழுப்பருப்பு, பாதி, துண்டு என்று தரம் பிரிக்க வேண்டும். நாலைந்து கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு தேறும். முழுப்பருப்புக்குக் கிடைக்கும் விலை உடைந்ததற்குக் கிடைக்காது. ஆகவே கொட்டையை விற்பவனுக்கும் பருப்பை விற்பவனுக்கும் வருமானத்தில் உள்ள இடைவெளி, அந்த உடைக்கும் கையின் திறமையிலும் கூலியிலும் இருக்கிறது.

மொசாம்பிக்கின் ஆலைகள் காலனிக் காலத்தில் பெரிய இயந்திரங்களோடு கட்டப்பட்டவை. இயந்திரம் வேகமாக உடைக்கும், ஆனால் பருப்பும் நிறைய உடையும். கொல்லத்திலும் பண்ருட்டியிலும் பெண்கள் கையால் தட்டி உடைத்ததில் முழுப்பருப்பு அதிகம் கிடைத்தது. கூலியோ மிகக் குறைவு. இன்னொரு விஷயம் பருவம். தென் அரைக்கோளத்தில் இருப்பதால் மொசாம்பிக்கில் அறுவடை அக்டோபர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை. நமக்கு மார்ச்சுக்குப் பிறகுதான் நல்ல வரத்து. நம் ஆலைகளில் சரக்கு தீர்ந்து தொழிலாளர்கள் சும்மா இருக்கும் மாதங்களில் அங்கே கொட்டை விழுகிறது. ஆப்பிரிக்கக் கொட்டை இல்லாமல் கொல்லம் ஆண்டு முழுவதும் ஓடியிருக்க முடியாது.

1978இல் மொசாம்பிக் அரசு உடைக்காத கொட்டையின் ஏற்றுமதியைத் தடை செய்தது. உள்ளூர் ஆலைகளுக்கு மலிவாகச் சரக்கு கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அது தவறான யோசனை என்று நான் நினைக்கவில்லை. வளர்ந்த நாடுகள் பலவும் ஒரு காலத்தில் இப்படித்தான் தொழிலைக் காப்பாற்றின. ஆனால் கெட்ட நேரம். ஆளும் ஃப்ரெலிமோ கட்சிக்கும் ரெனாமோ கிளர்ச்சிப் படைக்கும் இடையே 1977இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் கிராமப்புறத்தைச் சிதைத்தது. அரசே மக்களைக் குடியிருப்புத் தொகுப்புகளுக்கு நகர்த்தியதில் பலர் தங்கள் மரங்களைவிட்டு விலகிப் போனார்கள். கொட்டைக்கு அரசு வைத்த விலை அற்பம்; அந்தக் காசுக்கு வாங்கக் கிராமக் கடையில் சோப்போ துணியோ இருக்கவில்லை. அப்புறம் எதற்குப் பொறுக்க வேண்டும்? மரங்கள் கிழமாயின, புதிதாக நடவு இல்லை. 80களில் முப்பதாயிரம் டன்னை எட்டவே திணறிய ஆண்டுகள் உண்டு. உலக வங்கி வருவதற்கு முன்பே முந்திரித் தொழில் முக்கால்வாசி வீழ்ந்திருந்தது. பழியை முழுவதுமாக வாஷிங்டன்மேல் போடுகிறவர்கள் இந்தப் பகுதியை மென்று விழுங்கிவிடுகிறார்கள்.

1984இல் மொசாம்பிக் சர்வதேச நாணய நிதியத்தில் (ஐஎம்எஃப்) சேர்ந்தது. 1987இல், கடனுக்கு ஈடாகச் சந்தையைத் திறந்து அரசின் பிடியைத் தளர்த்தும் ‘கட்டமைப்புச் சீரமைப்பு’ தொடங்கியது. 1992 அக்டோபரில் ரோமில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. அதற்குள் நாடு நன்கொடையையும் கடனையும் வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. 90களின் தொடக்கத்தில் ஏற்றுமதித் தடை நீங்கி, அதன் இடத்தில் கடுமையான வரி வந்தது. 1994-95இல் அரசு ஆலைகள் தனியாருக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பாதுகாப்பு தொடரும் என்று நம்பித்தான் பணம் போட்டார்கள். 1995இல் உலக வங்கி தன் உதவித் திட்டத்துக்கு நிபந்தனையாக முந்திரி வர்த்தகத்தைத் திறந்துவிடச் சொன்னது. வரி 20 சதவீதமாகவும், அடுத்த பருவத்தில் 14 சதவீதமாகவும் இறங்கியது. கடையை விற்றுவிட்டு, வாங்கியவன் சாவியைத் திருப்புவதற்குள் வாசலை மறித்துச் சுவர் எழுப்பியது போல.

வங்கியின் வாதத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆலைத் தொழிலாளர்கள் பத்தாயிரம் பேர் சொச்சம். முந்திரி மரம் வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்களோ பல லட்சம். ஏற்றுமதிக்கு வரி போட்டால் உள்ளூரில் கொட்டை விலை விழும். அதாவது ஏழை விவசாயியின் பையிலிருந்து எடுத்து, திறமையற்ற ஆலைக்குக் கொடுக்கிறீர்கள். பருப்பாக்கி விற்பதைவிடக் கொட்டையாகவே விற்றால் நாட்டுக்கு அதிக அந்நியச் செலாவணி வரும் என்றும் கணக்குக் காட்டினார்கள். அமெரிக்கப் பொருளாதார நிபுணர் பால் குருக்மன் 2000 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் பத்தியில் இந்தப் பக்கம்தான் நின்றார். காகிதத்தில் பார்த்தால் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஓட்டை இருந்தது கிராமத்துப் பாதையில். கொட்டை விலை துறைமுகத்தில் ஏறினால் அது மரத்தடிக்கு வந்து சேர வேண்டும் என்றால், வாங்குவதற்குப் போட்டி இருக்க வேண்டும். நம்புலா மாகாணத்தின் உள்கிராமத்தில் பருவத்துக்கு ஒருமுறை லாரியோடு வருபவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். அவருக்குப் பின்னால் ஏற்றுமதியாளர்கள் சிலர். அவர்களுக்குப் பின்னால் ஒரே நாடு, இந்தியா. விவசாயி குடும்பத்துக்கோ சில மரங்கள், அவையும் கிழ மரங்கள், சாம்பல் நோய் பிடித்தவை. மார்கரெட் மெக்மில்லன், டானி ரோட்ரிக், கேரன் ஹார்ன் வெல்ச் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. வர்த்தகம் திறந்ததால் சராசரி முந்திரி விவசாயக் குடும்பத்துக்குக் கிடைத்த கூடுதல் வருமானம், ஆண்டுக்கு அதிகபட்சம் 5.30 டாலர். அன்றைய மதிப்பில் இருநூற்று ஐம்பது ரூபாய் சுமார். அந்த ஆதாயத்தின் பெரும்பகுதியையும் நகரத்தில் வேலையிழந்தவர்களின் இழப்பு சாப்பிட்டுவிட்டது.

வேலையிழந்தவர்களில் பெரும்பங்கு பெண்கள். வேறு ஆலை வேலை இல்லாத ஊர்களில் அந்தச் சம்பளம்தான் பள்ளிக் கட்டணமும் மருந்தும். தொழிலாளர் சங்கம் போராடியது. மபூட்டோவில் பத்திரிகையாளர் கார்லோஸ் கார்டோசோ, தொலைநகல் வழியாக அனுப்பிய தன் சிறு நாளேட்டில் முந்திரி விவகாரத்தை விடாமல் எழுதினார். (2000 நவம்பரில் அவர் கொல்லப்பட்டார்; ஒரு வங்கி மோசடியைத் துருவிக்கொண்டிருந்ததற்காக.) 1997இல் மபூட்டோ வந்த உலக வங்கித் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன், விஷயத்தை மறுபடி ஆராயலாம் என்றார். ஆராய்ந்த அறிக்கையும் ஆலைகளின் பக்கம் சாய்ந்தது. 1999இல் நாடாளுமன்றம் ஏற்றுமதி வரியை 18 முதல் 22 சதவீதம் என்று திரும்பவும் உயர்த்திச் சட்டம் போட்டது. அதற்குள் ஆலைகள் மூடியாகிவிட்டன. 2001இல் பத்தாயிரம் தொழிலாளர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை இல்லை.

இந்த முழு விவகாரத்தில் என்னை உறுத்துவது கொள்கை சரியா தவறா என்பதைவிட அது வந்த முறை. ஒரு நாட்டின் அரசு ஒரு முடிவை எடுத்துத் தோற்றால், அடுத்த தேர்தலில் யாரையாவது கேள்வி கேட்கலாம். இங்கே முடிவு எடுத்தவர்களின் பெயர் எந்த வாக்குச்சீட்டிலும் வராது. வங்கியும் இதிலிருந்து நஷ்டப்படவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்கலாம். அந்தக் கொட்டை வந்து சேர்ந்த கொல்லத்தில் யார் வாழ்ந்தார்கள்? அங்கேயும் உடைத்த பெண்களுக்குக் கிடைத்தது சொற்பக் கூலியும் பொசுங்கிய விரல்களும்தான். கேரளத்தில் கூலி ஏறியபோது முதலாளிகள் பலர் ஆலைகளை குமரி மாவட்டத்துக்கு நகர்த்தினார்கள். பிறகு வியட்நாம் இயந்திர உடைப்பில் தேறி, உலகின் மிகப் பெரிய பருப்பு ஏற்றுமதி நாடாக மாறியது. 2010களில் கொல்லத்தில் நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடின. மபூட்டோவின் பெண்களிடமிருந்து போன வேலை கொல்லத்திலும் தங்கவில்லை.

மொசாம்பிக்கில் ஒரு சிறு மீட்சியும் நடந்தது. 2000களில் நம்புலா பக்கம் பழைய ராட்சத ஆலைகளை மறந்துவிட்டு, கையாலும் காலாலும் இயக்கும் வெட்டுக் கருவிகளோடு சிறிய, நடுத்தர ஆலைகள் எழுந்தன. முறை இந்தியாவைப் பார்த்துக் கற்றது. 1999ஆம் ஆண்டின் வரி அவற்றுக்கு நிழல் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. இதிலிருந்து எனக்குத் தெரிவது, தொழிலைக் காப்பாற்றும் வரியும் வேண்டும், பொருத்தமான தொழில்நுட்பமும் வேண்டும் என்பதே. 70களின் அரசு முதலாவதை மட்டும் நம்பியது. 90களின் வங்கி இரண்டையும் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று நம்பியது.

துவரைக் கதை முந்திரியைவிட நமக்கு இன்னும் நெருக்கம். மொசாம்பிக்கின் வடக்கு, மத்திய மாகாணங்களில் மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராகத் துவரை போடுகிறார்கள். உள்ளூரில் சாப்பிடுவது குறைவு. அறுவடையில் பெரும்பகுதி இந்தியாவுக்கென்றே விளைவது. 2015இல் இங்கே துவரம்பருப்பு கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டது நினைவிருக்கலாம். பதறிப்போன இந்திய அரசு, 2016 ஜூலையில் பிரதமர் மோடி மபூட்டோ சென்றபோது ஓர் ஒப்பந்தம் செய்தது: 2016-17இல் ஒரு லட்சம் டன்னில் தொடங்கி, 2020-21இல் இரண்டு லட்சம் டன் வரை மொசாம்பிக்கிலிருந்து பருப்பு வகைகள் வாங்குவது. செய்தி கிராமம் கிராமமாகப் போனது. விவசாயிகள் கூடுதலாக விதைத்தார்கள்.

அதே பருவத்தில் இந்தியாவில் மழை நன்றாகப் பெய்து துவரை விளைச்சல் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. விலை சரிந்தது. இங்குள்ள விவசாயிகளைக் காப்பாற்ற 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டது. ஒப்பந்தச் சரக்குக்கு விலக்கு உண்டுதான். ஆனால் ஒப்பந்தம் சொல்வது ஒரு தேசத்தின் மொத்த அளவு, கிராமத்து விலையை அது பிடித்து நிறுத்தாது. நம்புலாவிலும் சாம்பேசியாவிலும் துவரை அடிமாட்டு விலைக்குப் போனது. வாங்க ஆளின்றி வீட்டிலேயே மூட்டைகள் கிடந்தன. வேறு நாட்டுக்கு விற்கலாமே என்றால், உலகத்தில் இவ்வளவு துவரை சாப்பிடுகிற வேறு நாடு ஏது? 2021இல் இந்தியா இறக்குமதியைத் திரும்பத் திறந்து, ஒப்பந்தத்தையும் 2025-26 வரை நீட்டித்தது. 2023 கடைசியில் நிலைமை தலைகீழ்: இங்கே விலை ஏறி நிற்க, அங்கே ஏற்றுமதி நிறுவனங்களுக்கு இடையேயான வழக்கு ஒன்றில் நக்காலா துறைமுகத்தில் துவரை தேங்கியது. அந்த ஆண்டு லாபம் பார்த்தவர்கள் கிடங்கு வைத்திருந்தவர்கள். டில்லி தன் விவசாயிக்காக முடிவெடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். சர்வதேச நிதியத்தைப் போல அதற்கு மொசாம்பிக்கைச் சீர்திருத்தும் எண்ணமெல்லாம் கிடையாது. ஆனால் கிராமத்தில் விழும் அடி ஒன்றுதான்.

இறக்குமதிப் பக்கம் அடி விழும்போது நகரம் கொதிக்கிறது. மபூட்டோவின் ரொட்டி இறக்குமதிக் கோதுமையில் சுடப்படுவது. 2010 கோடையில் ரஷ்யாவில் வறட்சி. ஆகஸ்டில் அந்த நாடு கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. மொசாம்பிக்கின் மெட்டிகல் நாணயமும் சரிந்திருந்தது. அரசு ரொட்டி விலையைச் சுமார் 30 சதவீதம் ஏற்றியதும் செப்டம்பர் முதல் நாளே நகரத்தின் விளிம்புக் குடியிருப்புகளில் டயர்கள் எரிந்தன. போலீஸ் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில நாட்களில் அரசு விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றது.

இப்போது பெரிய முதலீடுகள். மபூட்டோவுக்கு அருகே 2000இல் உற்பத்தி தொடங்கிய மொசால் அலுமினிய ஆலைதான் போருக்குப் பிந்தைய மொசாம்பிக்கின் விளம்பரப் பலகை. நூறு கோடி டாலருக்கு மேல் முதலீடு. ஒரு கட்டத்தில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் அந்த ஒரே ஆலையிலிருந்து வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு வேறு. மூலப்பொருளான அலுமினா கப்பலில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது; அலுமினியம் கப்பலில் வெளியே போனது. வரிச்சலுகை தாராளம். நேரடி வேலை ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு. முந்திரி ஆலைகள் பத்தாயிரம் பேருக்கு வேலை கொடுத்த நாட்டில், ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை உயரத் தூக்கிய ஆலை கொடுத்தது அதில் பத்தில் ஒரு பங்குதான்.

அதன் மின்சாரக் கதை இன்னும் விசித்திரம். சாம்பேசி ஆற்றில் கஹோரா பாசா அணை, 2,075 மெகாவாட். போர்த்துகீசியர் கட்டியது, 2007 வரை பெரும்பங்கு போர்ச்சுகலிடமே இருந்தது. அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி நேர் மின்னோட்டக் கம்பியில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் போகிறது. மொசாலுக்குத் தேவையான சுமார் 950 மெகாவாட்டைத் தென்னாப்பிரிக்காவின் எஸ்காம் மின் நிறுவனம் வழியாகத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. நாட்டின் மற்ற வீடுகளும் தொழில்களும் சேர்ந்து பயன்படுத்தியதைவிட நீண்ட காலம் இது அதிகம். 2026 மார்ச்சில் மின் ஒப்பந்தம் முடிகிறது, கட்டுப்படியாகும் விலையில் மின்சாரம் இல்லை, ஆகவே ஆலையை நிறுத்திவைக்கப் போகிறோம் என்று பெரும்பங்கு உரிமையாளரான சவுத்32 நிறுவனம் 2025இல் அறிவித்தது. சொந்த ஆறு, சொந்த அணை, சொந்த மண்ணில் ஆலை. விலைப் பேச்சு மட்டும் மூன்று தரப்புக்கு நடுவே.

வளர்ச்சி இல்லாமல் இல்லை. போர் முடிந்ததிலிருந்து கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் பொருளாதாரம் சராசரியாக ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. மபூட்டோவில் மாடிக் கட்டடங்கள் எழுந்தன, ஜப்பானின் பழைய வேன்கள் நகரப் போக்குவரத்தைச் சுமந்தன, கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் வந்தன. வங்கிக் கிளையே பார்க்காத ஊர்களில் கைப்பேசியில் பணம் அனுப்புவது சாதாரணமாகிவிட்டது. ஐரோப்பாவில் கழித்த துணி மூட்டை மூட்டையாக வந்து உள்ளூர் துணி ஆலைகளை நசுக்கியது. அதே துணியைத்தான் ஏழைகள் உடுத்துகிறார்கள், அதை விற்றுத்தான் ஆயிரக்கணக்கானோர் பிழைக்கிறார்கள். இந்த ஒன்றைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து கிடையாது. ஆனால் வறுமை மட்டும் வளர்ச்சியோடு சேர்ந்து இறங்கவில்லை. 2014-15இல் மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஏழைகள், 2019-20இல் 60 சதவீதத்தைத் தாண்டினார்கள் என்கிறது உலக வங்கிக் கணக்கு.

நடுவில் நடந்ததில் ஒன்று கடன் மோசடி. 2013, 14இல் மீன்பிடிப் படகு, கடலோரக் காவல், கப்பல் பழுதுபார்ப்பு என்று மூன்று அரசு நிறுவனங்களின் பெயரில் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. கொடுத்தவை கிரெடிட் சுவிஸ் வங்கியும் ரஷ்யாவின் விடிபி வங்கியும். நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் அரசு உத்தரவாதம் போட்டது. 2016இல் விஷயம் வெளியானதும் சர்வதேச நிதியமும் நன்கொடை நாடுகளும் பணத்தை நிறுத்தின. மெட்டிகல் மதிப்பு கடுமையாகச் சரிந்தது. முன்னாள் நிதியமைச்சர் மானுவேல் சாங் 2018 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் கைதாகி, 2024இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, எட்டரை ஆண்டு தண்டனை பெற்றார். முன்னாள் அதிபர் கெபூசாவின் மகனுக்கு மபூட்டோவில் 12 ஆண்டு. கிரெடிட் சுவிஸ் 2021இல் அமெரிக்க, பிரிட்டன் அமைப்புகளுக்குச் சுமார் 47 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. திருட்டில் உள்ளூர்க் கையும் வெளிநாட்டுக் கையும் சேர்ந்தே இருந்தன.

இதன் வால் நீளம். நெருக்கடிக்குப் பின் வட்டி ஏறியது. 2017இல் வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியே 27 சதவீதத்தைத் தாண்டியது. முந்திரி உடைக்கும் ஆலை ஓராண்டுக்கான கொட்டையை மூன்று மாதத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கியாக வேண்டும். அந்த வட்டிக்குக் கடன் எடுத்து, மலிவு வட்டியில் கடன் கிடைக்கும் வியட்நாம், இந்தியக் கொள்முதல்காரர்களோடு எப்படி மல்லுக்கு நிற்பது? மீட்சி பெற்ற நம்புலா ஆலைகளில் சில திரும்பவும் மூடின. மீன்பிடிக்கப் போகாத படகுகளுக்கு வாங்கிய கடன், முந்திரி உடைக்கும் பெண்ணின் வேலையில் போய் முடிந்தது.

கடைசியாக எரிவாயு. 2010 முதல் வடக்கே காபோ டெல்காடோ மாகாணக் கடலில் பெரும் இருப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. திருட்டுக் கடன்களையும் அந்த வாயு அடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் கடன் கொடுத்தவர்கள் துணிந்தார்கள். 2017 அக்டோபரில் அதே மாகாணத்தில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. ஜிகாதிப் பெயர் சூடியிருந்தாலும், மாணிக்கச் சுரங்கத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் துரத்தப்பட்ட, வேலையில்லாத இளைஞர்கள் அதில் நிறையச் சேர்ந்தார்கள். 2021 மார்ச்சில் பால்மா நகரம் தாக்கப்பட்டது. சுமார் 2,000 கோடி டாலர் எரிவாயுத் திட்டத்தை பிரெஞ்சு நிறுவனமான டோட்டல்எனர்ஜிஸ் நிறுத்தியது. ஜூலையில் ருவாண்டாப் படைகள் வந்து இறங்கின. இந்தத் திட்டத்தில் ஓஎன்ஜிசி விதேஷ் உள்ளிட்ட இந்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு 30 சதவீதப் பங்கு உண்டு, ஆகவே நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. ஆழ்கடலில் மிதக்கும் கோரல் சவுத் ஆலையிலிருந்து மட்டும் 2022 நவம்பரில் முதல் கப்பல் கிளம்பியது. அதன் வாயு முழுவதையும் இருபது ஆண்டுகளுக்கு பிபி நிறுவனம் வாங்கிக்கொள்கிறது.

2023 டிசம்பரில் நாடாளுமன்றம் ஓர் இறையாண்மை நிதிச் சட்டத்தை நிறைவேற்றியது. முதல் 15 ஆண்டுகளில் எரிவாயு வருமானத்தில் 40 சதவீதம் சேமிப்புக்கும் மீதி பட்ஜெட்டுக்கும் போகும். நல்ல சட்டம்தான், ஆனால் 40 சதவீதம் எதில் என்று பார்க்க வேண்டும். நிறுவனங்கள் போட்ட செலவைக் கழித்த பிறகே அரசின் லாபப் பங்கு பெருகும். 2025 நவம்பரில் டோட்டல்எனர்ஜிஸ் நிறுத்தத்தை விலக்கிக்கொண்டு, 2029இல் முதல் உற்பத்தி என்றது. அதற்கு முன்பே மபூட்டோவுக்கு ஒரு கடிதம் போயிருந்தது: நின்றுபோன ஆண்டுகளால் கூடுதல் செலவு 450 கோடி டாலர், அதைத் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும், உரிமக் காலத்தைப் பத்தாண்டு நீட்டிக்க வேண்டும். அந்தத் தொகை செலவுக் கணக்கில் ஏறினால், மொசாம்பிக்குக்கு வர வேண்டிய பணம் அந்த அளவுக்குப் பின்னால் தள்ளிப் போகும். கணக்கைத் தணிக்கை செய்த பிறகே ஒப்புக்கொள்வோம் என்றது அரசு. 1995இல் முந்திரி விஷயத்தில் இப்படிச் சொல்லும் இடத்தில் அது இருக்கவில்லை.